ஐந்தாம் எண் மிஷினுக்கான ஜெபம்

சலவைக்கூடத்தில் அவளுக்கு ஜெபக்கா என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார்தான். மற்றவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். நாத்தனார் முகத்துக்கு நேராகவே சொன்னாள். வீட்டில் அண்ணி, வேலையில் ஜெபக்கா. பதிலுக்கு ஜெபக்கா அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு வாய் ஓயாது. பகல் முழுக்க உருளைச் சத்தத்துக்கு மேலே பேசுவாள், வீட்டுக்கு வந்து பாத்திரச் சத்தத்துக்கு மேலே பேசுவாள். அம்மா இறந்து, கையில் ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டு வருடமாக அவளுக்குச் சாப்பாடு போட்டதும், திட்டியதும், இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் ஜெபக்காதான். பிள்ளை இல்லாத வீட்டில் அவள்தான் பிள்ளை.

சலவைக்கூடம் என்றால் சின்ன இடமில்லை. மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் போர்வையும் அங்கேதான் வெளுத்துக் காய்ந்து மடிந்து போகும். நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். ஜெபக்கா அவர்களுக்கு சூப்பர்வைசர். நல்ல சூப்பர்வைசர்தான், அதைச் சொல்லாமல் மேலே போனால் எனக்குத்தான் பாவம். யாரையும் ஒருமையில் ஏசமாட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கேள்வி கேட்காமல் அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் தானே நின்று விரிப்பு மடிப்பாள்.

காலையில் மிஷின்களை ஓடவிடும் முன் பத்து நிமிடம் ஜெபம் நடக்கும். கட்டாயம் கிடையாது. ஆனாலும் எல்லாரும் வந்து நின்றார்கள், கோயில் பக்கமே போகாதவர்கள் உட்பட. ஒருத்தியின் புருஷனுடைய இருமலையும் இன்னொருத்தியின் மகனுடைய பரீட்சையையும் நாள் முழுவதும் யாராவது காதுகொடுத்துக் கேட்பது அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும்தான். ஜெபக்கா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். கேட்டது நடந்துவிட்டால் அந்த வரியின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'நன்றி' என்று எழுதுவாள். எல்லாரும் கைதட்டுவார்கள்.

இன்னொரு புத்தகமும் உண்டு. அது பழுதுப் புத்தகம். அலுவலக அறையில் மேசை மேல் கிடக்கும். ஒரு மிஷினில் கோளாறு என்று அதில் எழுதிவிட்டால், மெக்கானிக் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அந்த மிஷினைப் பூட்டி வைக்க வேண்டும். அது சட்டம். மெக்கானிக்கோ வெளியிலிருந்து வருகிறவர். கூப்பிட்டால் இரண்டு நாள் ஆகும், அவர் மனது வைத்தால். அதுவரை ஆஸ்பத்திரிக்காரர்கள் போன் மேல் போன் போடுவார்கள், மேனேஜர் வந்து ஜெபக்காவின் தலையை உருட்டுவார். அதனால் அந்தப் புத்தகத்தைத் திறக்க அவளுக்குக் கை வராது.

அந்தத் திங்கட்கிழமை காலை, ஜெபத்துக்கு எல்லாரும் கூடிக்கொண்டிருந்தபோது ரேடியோ வந்து அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அண்ணி, அஞ்சாம் நம்பர் மிஷின்ல தடுப்புக் கம்பி வேலை செய்யல. சனிக்கிழமை சாயங்காலம் நான் ரெண்டு தடவை தட்டிப் பாத்தேன். உருளை நிக்கவே இல்ல."

ஐந்தாம் எண், விரிப்புகளை இஸ்திரி போடும் மிஷின். கொதிக்கிற உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்து அதன் வாய்க்குள் கொடுக்க வேண்டும். வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி. விரல் கொஞ்சம் உள்ளே போனாலும் கம்பியில் இடிக்கும், இடித்த நொடியில் உருளை நின்றுவிடும். நிற்க வேண்டும்.

"எப்பவும் நிக்கலையா, சில நேரம் நிக்குதா?"

"சில நேரம் நிக்குது. அதான் அண்ணி பயமா இருக்கு."

ஜெபக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுநூறு விரிப்பு மத்தியானத்துக்குள் போயாக வேண்டும்.

"சரி, ஜெபத்துல வைப்போம்," என்றாள்.

வைத்தாள். மனமாரத்தான் வைத்தாள். நோட்டில் எழுதி, கண்ணை மூடி, ஐந்தாம் எண்ணில் நிற்கும் ஆறு பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தக் கைகளைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கண்ணீர் வரக் கேட்டாள். அவள் வேஷக்காரி இல்லை. வேஷக்காரியாக இருந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை, நாலு வசவோடு முடித்துக்கொண்டிருப்பேன். அவளுடைய சிக்கல் வேறு. ஒரு வேலையைச் செய்து முடித்தால் மனசில் ஒரு லேசு வருமே, அதே லேசு அவளுக்கு ஜெபம் முடிந்ததும் வந்துவிடும். எது எதனால் வந்தது என்று அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

செவ்வாயும் புதனும் அதே ஜெபம். வியாழக்கிழமை காலை அவளே ஐந்தாம் எண்ணின் முன்னால் போய் நின்று கம்பியைத் தட்டினாள். உருளை டக்கென்று நின்றது. மறுபடி ஓடவிட்டுத் தட்டினாள். மறுபடியும் நின்றது.

"பாத்தீங்களாடி!" என்றாள். குரலே மாறிவிட்டது. நாற்பது பேரையும் கூப்பிட்டு, அவர்கள் கண்முன் மூன்றாவது தடவை தட்டிக் காட்டினாள். நோட்டை எடுத்துக் கோடு போட்டு 'நன்றி' என்று எழுதினாள். கைதட்டலில் கூடமே அதிர்ந்தது. ரேடியோவும் கைதட்டினாள்.

அடுத்த புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, ஐந்தாம் எண் ரேடியோவின் வலது கையை இழுத்துக்கொண்டது. கம்பியில் இடித்தது, உருளை நிற்கவில்லை. வலது கையைப் பிடித்து இழுக்க இடது கையை வைத்தாள், அதுவும் வெந்தது. சுவரிலிருந்த பெரிய ஸ்விட்சை யாரோ ஓடிப்போய் அணைத்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் வலது கையில் கட்டைவிரலை மட்டும் காப்பாற்ற முடிந்தது. இடது கையை முழங்கைவரை கட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். அவளைக் கிடத்தியிருந்த விரிப்பின் மூலையில் சலவைக்கூடத்தின் முத்திரை இருந்தது. அதை ஜெபக்கா பார்த்தாள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போதகர் வந்து ஜெபித்தார். நல்ல மனிதர். என்ன சொல்வதென்று தெரியாமல், "கர்த்தர் காரணமில்லாம எதையும் அனுமதிக்க மாட்டார்ம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் படுத்திருந்தவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் இரண்டாம் நாளே வந்தார். பழுதுப் புத்தகத்தைப் புரட்டினார். ஐந்தாம் எண்ணைப் பற்றி ஆறு மாதமாக ஒரு வரிகூட இல்லை.

"இந்த மிஷின்ல கோளாறுன்னு உங்களுக்கு யாராவது எழுதிக் கொடுத்தாங்களா?" என்று ஜெபக்காவைக் கேட்டார்.

"எழுதிக் கொடுக்கல சார்."

சுத்தமான உண்மை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லைதான். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற மேனேஜர், "பொண்ணு கொஞ்சம் பேச்சுக்காரி சார், கவனம் சிதறியிருக்கும்," என்றார். ஜெபக்கா வாயைத் திறக்கவில்லை. சரியாகிவிட்ட மிஷின்தானே, நாம்தான் பார்த்தோமே, அந்த நொடியில் மறுபடி கெட்டுப்போனதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பொய் சொல்லவில்லை என்ற சமாதானம் வேறு. நாம் எல்லாரும் ஒரு தடவையாவது அந்த நிழலில் ஒதுங்கியிருப்போம்.

நாலாம் வாரம் ரேடியோ வீட்டுக்கு வந்தாள். இப்போது அவள் பேசுவதே இல்லை. ஊட்டினால் சாப்பிட்டாள், உடுத்திவிட்டால் உடுத்திக்கொண்டாள். எப்போதாவது வாயைத் திறந்தால் ஒரே பேச்சுதான்.

"அண்ணி, சின்ன வயசுல எங்கம்மா பர்ஸ்லேருந்து எடுத்திருக்கேன். அதுக்கா இருக்குமா?"

"பேசாம இருடி."

"எதிர் வீட்டு டீச்சரப் பத்தி நான் கிண்டலா பேசினேனே. அதுக்கு இருக்குமா?"

"அதுக்கெல்லாம் ஆண்டவர் கையை எடுப்பாராடி?"

"அப்ப எதுக்கு எடுத்தாரு?"

இப்படியே தினம் ஒன்று. முப்பத்தொரு வருட வாழ்க்கையை அந்தப் பெண் மூலைமூலையாகக் கூட்டிப் பெருக்கிப் பாவம் தேடினாள். அகப்பட்டதெல்லாம் பட்டாணி அளவுதான். ஒன்றை எடுத்துக் காட்டுவாள், ஜெபக்கா இல்லையென்பாள், அடுத்ததைத் தேடப் போவாள். அவளுடைய அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இந்தப் பேச்சு தொடங்கினாலே வேன் துடைக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விடுவான். அவன் துடைத்துத் துடைத்து அந்த வேன் பளபளத்தது.

ஒரு வியாழக்கிழமை மாலை ஜெபக்கா வேலையிலிருந்து வந்தபோது, ரேடியோ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு.

"அண்ணி, கண்டுபிடிச்சிட்டேன்."

"என்னத்தை?"

"நீங்க நன்றி சொல்லிக் கோடு போட்டீங்கல்ல, அதுக்கு மறுநாளே கம்பி மறுபடி நிக்கல. நான் பாத்தேன். சனிக்கிழமையும் பாத்தேன். ஆண்டவர் சரி பண்ணிட்டார்னு எல்லாரும் கைதட்டினப்புறம் நான் போய் இல்லன்னு சொன்னா என்ன ஆகும்? எனக்குத்தான் விசுவாசம் இல்லன்னு ஆயிடும். அதான் சொல்லல. ஆனா உள்ளுக்குள்ள நம்பல அண்ணி. தினம் பயந்துக்கிட்டேதான் கையை நீட்டினேன். எல்லாரும் நம்பினாங்க, நான் ஒருத்திதான் நம்பல. அதான் என் கையைப் பிடிச்சிது."

ஜெபக்கா வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல எழுந்து நின்னு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கப் போறேன். போதகருக்கு அண்ணனை விட்டு சொல்லியாச்சு. கேட்டுட்டா எனக்கு நிம்மதி அண்ணி."

இத்தனை நாளும் ஜெபக்கா ஒதுங்கியிருந்த நிழல் அந்தச் சாயங்காலம் போய்விட்டது. கம்பி மறுநாளே நிற்கவில்லை. ஐந்து நாள் நிற்கவில்லை. அது தெரிந்தவள் ஒருத்திதான், வாய் ஓயாத ரேடியோ. அவள் வாயைத் தான் போட்ட ஒரு கோடு அடைத்துவிட்டது. இப்போது அவள் கட்டுப் போட்ட இரண்டு கையோடு முந்நூறு பேர் முன்னால் எழுந்து நின்று, என்னை மன்னியுங்கள் என்று கேட்கப் போகிறாள். அதை வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் அதன்பிறகு தனக்கு மன்னிப்பே கிடையாது என்று ஜெபக்காவுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். சொன்னால் இந்தப் பெண் தன்னை அண்ணி என்று கூப்பிடுவாளா என்பதும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முழுதும், சொல்ல தைரியம் கொடும் ஆண்டவரே என்று ஜெபம் செய்தாள். சனிக்கிழமையும் செய்தாள். சொன்னாளா என்றால் இல்லை. பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

ஞாயிறு காலை ரேடியோவைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுப்பு உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்தாள். வெளியே வேனில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கோயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஜெபக்கா பின்னால் நின்று தலையை வாரி, மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள். முகத்துக்கு முகம் பார்க்காமல் இருந்ததால்தான் வாய் வந்திருக்க வேண்டும்.

"நீ மன்னிப்புக் கேக்க வேண்டாம்டி."

"ஏன் அண்ணி?"

"உன்கிட்ட தப்பு இல்ல. ஆண்டவர்கிட்டயும் இல்ல. நீ வந்து சொன்ன அன்னிக்கே நான் பழுதுப் புத்தகத்துல ஒரு வரி எழுதியிருக்கணும். எழுதியிருந்தா மிஷினைப் பூட்டியிருப்பாங்க. எழுநூறு விரிப்பு போகணுமேன்னு எழுதல. மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்க பயந்துக்கிட்டு எழுதல. அப்புறம் கம்பி ரெண்டு தடவை நின்னதும் சரியாயிடுச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். இன்ஸ்பெக்டர் கேட்டப்ப யாரும் எழுதிக் கொடுக்கலன்னு சொன்னேன். நீ சொன்னதை சொல்லல."

கையில் மூன்று பிரி கூந்தலோடு நின்றாள். ரேடியோ கேட்டாள்.

"அப்ப கம்பி நிஜமாவே கெட்டுத்தான் இருந்துதா?"

"ஆமாடி."

"நான் பாத்தது சரிதானே?"

"சரிதான்."

"எனக்கு விசுவாசம் இல்லாததனால இல்ல?"

"இல்லடி கண்ணு. நீ ஒருத்திதான் சரியா பாத்தே."

ரேடியோவின் தோள் இறங்கியது. ஐந்து வாரமாகத் தூக்கிப் பிடித்திருந்த தோள். நீளமாக மூச்சு விட்டாள். அந்த மூச்சைக் கேட்டதும் ஜெபக்காவுக்கு உயிர் வந்தது. சொல்லிவிட்டோம், இவளுக்குப் பாரம் இறங்கிவிட்டது, மெல்ல மெல்ல எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. அந்த ஆசையில்தான் அடுத்த வார்த்தையையும் சொல்லிவிட்டாள்.

"தினமும் ஆண்டவர்கிட்ட அழுது மன்னிப்புக் கேக்குறேன்டி. அன்னிக்கும் உனக்காக எப்படி அழுது ஜெபம் பண்ணேன், உனக்கே தெரியும்."

ரேடியோ திரும்பாமலேயே, சத்தம் போடாமல், கேட்டாள்.

"அவர்கிட்ட சொல்றதுக்கு எனக்கு வாய் இல்லையா அண்ணி?"

ஜெபக்காவுக்கு உடனே புரியவில்லை.

"நான் தினம் அவர்கிட்ட பேசிக்கிட்டுத்தானே இருக்கேன். அவர்கிட்ட சொல்லணும்னா நானே சொல்லியிருப்பேன். சொல்லவும் செஞ்சேன், சனிக்கிழமையே. அதுக்கப்புறம் திங்கட்கிழமை உங்க கையைப் பிடிச்சு ஓரமா இழுத்து, உங்ககிட்ட எதுக்கு அண்ணி சொன்னேன்?"

பன்னிரண்டு வருடம் வளர்த்த பிள்ளை. கோபமாகக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், பதிலுக்குக் காத்திருந்தாள். ஜெபக்கா வாயைத் திறந்தாள். நாக்கு நுனிவரை வந்தது ஆண்டவரே என்ற ஒரு வார்த்தைதான். அதை இந்தப் பெண்ணின் முன்னால் சொல்லக் கூசி விழுங்கினாள்.

"நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போறேன்," என்றாள் கடைசியில். "எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்."

"சரி."

அவ்வளவுதான் சொன்னாள். ஜெபக்கா மறுபடி பின்னப் போனாள். விரலுக்குள் கூந்தல் நழுவியது. ரேடியோ தலையை மெல்ல முன்னால் சாய்த்துக்கொண்டாள். பலமாக ஒன்றும் இழுக்கவில்லை, ஒரு விரற்கடை விலகினாள், அவ்வளவே.

"அண்ணனைக் கூப்பிடுங்க. பாக்கியை அவன் பின்னட்டும்."

"அவருக்குப் பின்னத் தெரியாதேடி."

"பரவாயில்ல. தெரிஞ்ச மாதிரி கட்டிவிடட்டும்."

ஜெபக்கா மூன்று பிரிகளையும் கையிலிருந்து விட்டாள். பாதிவரை பின்னியிருந்தது தானாக அவிழ்ந்து முதுகில் பரவியது. சீப்பை மேசை மேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய், வேன் பக்கம் பார்த்து, தங்கச்சி கூப்பிடுகிறாள் என்று மட்டும் சொன்னாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவன் உள்ளே போனான்.

"எப்படிம்மா பின்னறது?" என்று அவன் கேட்பதும், அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதும் வாசலில் நின்றவளுக்குக் கேட்டது. எங்கே பிடிக்க வேண்டும், எதை எதன் மேல் போட வேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். செய்துகாட்ட அவளுக்குக் கை இல்லை.